நோரீனின் சிவப்பு ரிப்பன்

கொட்டும் மழையில், வேலை நேரத்தில், ஒரு திராட்சைக் கொடிக்கு நீங்கள் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னதுண்டா? நோரீன் கொப்பார்ட் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், பெர்னார்ட். லீட்ஸ்லேருந்து உன்னைத் தத்தெடுத்தவங்க அனுப்பியிருக்காங்க. நல்லா வளரு. போதுமா?" கடைசிச் சொல் அவளே சேர்த்தது.

இங்கிலாந்தில், சஸெக்ஸின் சுண்ணாம்புச் சரிவில் இருக்கிறது அந்தப் பெரிய தோட்டம். ஒயினும் உண்டு, வேடிக்கையும் உண்டு: அல்பாக்கா என்கிற குட்டி ஒட்டகத்தோடு நடை, கல்யாணம், கொடிகளுக்கிடையே யோகா. சந்தா கட்டினால் ஒரு கொடி உங்கள் பிள்ளை. பெயர்ப்பலகை மாட்டலாம், வந்து கட்டிப்பிடிக்கலாம். வர முடியாதவர்களின் வாழ்த்தை வாசிப்பது நோரீன். கிளை நறுக்கிக் கவாத்து செய்வதும் மருந்தடிப்பதும் அவளேதான். கல்யாண நாளில் மருந்தடிக்கக் கூடாது என்பது உத்தரவு. "சாம்பல் நோய்க்கும் பத்திரிகை வச்சாச்சான்னு கேளுங்க" என்பாள்.

ஆண்கள் கோட்டுதான் போடுவாள். ஒரு பையில் கவாத்துக் கத்தரி, மறு பையில் சீஸ் சாண்ட்விச். யோசனையில் கத்தரியைக் கடித்த நாளும் உண்டு. சாப்பாடு நின்றபடிதான். தொழிலாளர்கள் டீ குடித்த கொட்டகை இப்போது பரிசுப்பொருள் கடை. மழை பெய்தால் அல்பாக்காவுக்குக் கூரை. பழம் பறிக்கிறவர்களுக்கு டிராக்டர் டிரெய்லரின் அடிவயிறு. இது என்ன நியாயம் என்று கேட்டவள் நோரீன் ஒருத்திதான். பார்வையாளர்களைக் கவனிக்கும் மேலாளன் ரூபர்ட் சொன்ன பதில்: "அல்பாக்காவப் படமெடுக்க ஆள் வருது. உங்களை எடுக்க யார் வர்றா?"

கோடையில் இலைகளில் புலிக்கோடு விழுந்த கொடிகளுக்கு அவள் சிவப்பு ரிப்பன் கட்டுவாள். அடிமரம் அழுகிவிட்டது, குளிர்காலக் கவாத்துக்கு முன் வெட்டியெறி என்று பொருள். விட்டுவைத்தால் கவாத்துக் காயங்கள் வழியே பூசணம் வரிசை முழுதும் பரவும். இந்த ஆண்டு யாரோ ஒரு ரிப்பனோடு படமெடுத்துக்கொண்டார். சிறந்த கொடிக்கு விருது என்றார் ஒருவர். கட்டினால் நினைத்தது நடக்கும் என்றார் இன்னொருவர். எதற்கு இது என்று ஒருவரும் கேட்கவில்லை. ரூபர்ட் கடையில் ரிப்பன் விற்றான். முடிச்சுப் போடும் விதத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் பெருமையோடு சொல்லிக்கொடுத்தவள் நோரீன். அவளும் எதற்கென்று கேட்கவில்லை.

இலை உதிர்ந்தபோது சரிவு முழுக்க ஒரே சிவப்பு, ஒரே முடிச்சு. கோடு காட்டிய இலைகள் போனபின் நோயாளி எது, நல்லது எது என்று வெளியிலிருந்து தெரியாது. திங்கட்கிழமை கவாத்து.

"அப்படியே விட்டுடுங்க நோரீன். பாக்க அழகா இருக்கு" என்றான் ரூபர்ட்.

"விட்டா தோட்டமே போயிடும், கண்ணு. அப்புறம் அல்பாக்காவப் பிழிஞ்சா ஒயின் எடுப்பே?"

சனிக்கிழமை காலை, குத்துமதிப்பாக ஒரு கொடியின் அடியில் ரம்பத்தை வைத்தாள். பலகையில் ஜெஃப்ரி என்றிருந்தது. கையில் கேக்கோடு ஓடிவந்தார், அதைத் தத்தெடுத்த டாப்னி ட்ரென்ச் அம்மாள். ஜெஃப்ரி, காலமான அவர் கணவரின் பெயர்.

"ஐயையோ! எங்க ஜெஃப்ரிய என்ன பண்றே?"

"ரிப்பன் கட்டியிருக்கே, மேடம்."

"நான் கட்டினதும்மா அது! கடையில வாங்கினேன். தைரியமா இருக்கட்டும்னு..."

"இங்க ரிப்பன் கட்டினா வெட்டணும்னு அர்த்தம், மேடம். இப்ப எதை வெட்டுறது எதை விடுறதுன்னே தெரியல. எல்லாரும் கட்டிட்டாங்க."

சத்தம் கேட்டு ரூபர்ட் வந்து நின்றான். அம்மாள் கேக்கைத் தரையில் வைத்தார்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா, தம்பி?"

"தெரியும் மேடம். ஆனா... நல்லா விக்குதே."

டாப்னி அம்மாள் ஜெஃப்ரியின் ரிப்பனை நிதானமாக அவிழ்த்தார். ரூபர்ட்டின் கையைப் பிடித்து, மணிக்கட்டில் சுற்றி, அதே முடிச்சை இறுக்கிப் போட்டார். நோரீன் ரம்பத்தின் பற்களைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சரிவில் உங்களுக்கும் ஒரு கொடி இருந்தால், திங்கட்கிழமைக்குள் வந்து, நீங்கள் கட்டியதை நீங்களே அவிழ்த்துவிடுங்கள்.