ரயிலடிக் கடிகாரத்தில் பார்த்த நேரம்

1972-ஆம் வருடம் கார்த்திகை மாதம். கொழும்பிலிருந்து புறப்பட்ட தோணி ஒன்று தூத்துக்குடிக்கு வந்து சேரவில்லை. அதில் என் மருமகன் சுடலைமுத்து இருந்தான். வெங்காயமும் வற்றலும் ஏற்றி அனுப்பிய வியாபாரியின் ஆளாகப் போய், சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். இரண்டு நாளில், காற்று சரியில்லை என்றால் மூன்று நாளில் வந்துவிட வேண்டிய தோணி. ஏழு நாளாகிவிட்டது. நடுவில் இரண்டு நாள் புயல். என் மகள் செண்பகம் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

ஊரில் எல்லோரும் காற்றைக் குறை சொன்னார்கள். அவனைக் கொன்றது காற்று இல்லை, நான்தான் என்று எனக்குள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. காரணத்தை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

நான் உப்பு சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் மூட்டை தைக்கிறவன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். நாலு பேர் முன்னால் பேச வராது. பஜனையில் பின்வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பவன். ஆனாலும் இதை முருகன் அடியார்களுக்குச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவன் ஆவேன்.

செண்பகம் பிறந்தது சப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே பயந்து கிடந்த காலம். ஐப்பசி மாதம். குழந்தை அழுத சத்தம் கேட்டதும், நேரம் துல்லியமாக இருக்க வேண்டும் என்று பக்கத்திலிருந்த ரயிலடிக்கு ஓடினேன். அங்கே கடிகாரத்தில் ஆறரை. ஓடிவந்த நேரத்தையும், கிளம்புவதற்குள் ஆன நேரத்தையும் கழித்து ஆறேகால் என்று காகிதத்தில் குறித்தேன். வெளியே இன்னும் இருட்டாக இருந்தது. குழந்தைக்கு நாலு வயது ஆன பிறகு, அந்தக் காகிதத்தைக் கொடுத்து ஜாதகம் எழுதினோம். எட்டாம் இடத்தில் செவ்வாய் என்று வந்தது. பெண்ணுக்கு அது மாங்கல்ய ஸ்தானம். புருஷன் உயிருக்கு ஆகாது என்றார் ஜோதிடர்.

அவளுக்குப் பதினெட்டு வயது ஆனதிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணைப் பிடிக்கும். ஜாதகத்தைக் கையில் வாங்குவார்கள், திருப்பிக் கொடுப்பார்கள். பத்து வருடம் இப்படியே போயிற்று. கடைசியாக வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்றைக்கு என் மகள் அந்தத் தம்ளர்களைக் கழுவிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தரகர் பிச்சையாதான் வழி சொன்னார். அவருக்குக் கொஞ்சம் ஜோதிடமும் தெரியும்.

"பொறந்த நேரத்த ஒரு மணி நேரம் கொறச்சு எழுதிருவோம். லக்னம் துலாத்துல இருந்து கன்னிக்குப் போயிரும். எட்டுல கெடக்க செவ்வாய் ஒம்பதுல நிக்கும். எவன் வந்து கேக்கப் போறான்? நீரு வாயத் தெறந்தாத்தான ஆபத்து! அதுதான் உமக்கு வராதே" என்று சிரித்தார்.

ஆறேகாலை ஐந்தேகால் ஆக்கினோம். அந்த ஜாதகத்தை நம்பித்தான் பலசரக்குக் கடை மாடசாமி அண்ணாச்சி தன் மகனுக்குச் சம்மதித்தார். வைகாசியில் கல்யாணம். கார்த்திகையில் தோணி வரவில்லை.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. யாரிடமும் சொல்லாமல் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். ஆறுமுகநேரியில் உப்பளமெல்லாம் மழைத் தண்ணீர் தேங்கி, பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை. கோயிலில் கூட்டம் குறைவு. கடல் மட்டும் மதிலுக்கு வெளியே இரைந்துகொண்டிருந்தது. அவன் கிடக்கிற கடலும் இதுதானே என்று நினைத்தேன்.

சந்நிதியில் நின்றேன். மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. அதெல்லாம் எனக்குச் சுலபம். வாய் திறப்பதுதான் எனக்குக் கஷ்டம். முருகனுக்கு அது தெரியாதா? "அப்பனே, பொய் எழுதினது நான். தண்டனையை என் தலையில் போடு. அந்தப் பிள்ளையைக் கரையேற்று. நான் போய் அவன் அப்பாவிடம் என் வாயால் சொல்லிவிடுகிறேன்" என்றேன். பன்னீர் இலையில் விபூதி கொடுத்தார்கள். சொன்ன பிறகுதான் பூச வேண்டும் என்று இலையைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டு நாள் தாடி.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்."

"தோணிய பத்தி தாக்கல் வந்துச்சா?"

"இல்ல. செண்பகம் ஜாதகத்தப் பத்தி."

"நல்ல நேரம் பாத்து ஜாதகம் பேச வந்தீரு!"

சொல்லிவிட்டேன். தடுமாறித் தடுமாறி, எல்லாவற்றையும். அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"ஏன்வே, எம்மவன் உயிர வச்சா உம்ம மவளுக்குத் தாலி வாங்குனீரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடித்திருந்தால்கூட நின்றிருப்பேன். அவர் குனிந்து துணியை எடுத்துத் தராசின் மேல் போட்டார். பிறகு கேட்டார்.

"மொதல்ல எழுதுன நேரம் என்ன?"

"ஆறேகால். ரயிலடிக் கடியாரத்த நானே பாத்தேன்."

"எந்த வருசம்?"

"சப்பான்காரன் பயம் இருந்துச்சே, அந்தச் சமயம். ஐப்பசி."

அவர் முகம் மாறியது. "விடிஞ்சிருந்துச்சா?"

"இல்ல அண்ணாச்சி, இருட்டு. மழை மூட்டம்னு நெனச்சேன்."

"மூட்டமாவது மண்ணாவது! யுத்தத்துல நான் மில்லு கேட்டுல சங்கு ஊதிக்கிட்டிருந்தேன்வே. வெள்ளக்காரன் நாடு பூரா கடியாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சிருந்தான். இருட்டுக்குள்ள சங்கு ஊதுதேன்னு என்னைய ஏசாத பொம்பள கெடையாது. யுத்தம் முடிஞ்ச பொறவுதான் பழையபடி மாத்துனான். மறந்து தொலைச்சிட்டீராக்கும்?"

ஆமாம், அப்படி ஒன்று இருந்தது. முப்பது வருடத்தில் அடியோடு மறந்துபோயிருந்தேன். யுத்தம் முடிந்து ஜாதகம் எழுதிய ஜோதிடரும் காகிதத்தில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார். கடிகாரம் காட்டிய ஆறேகாலில் ஒரு மணி நேரம் கழித்தால் ஐந்தேகால். நான் பொய் என்று பயந்து எழுதிய அதே ஐந்தேகால். என் மகள் ஜாதகத்தில் எட்டில் செவ்வாய் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நான் அழுதுவிட்டேன். அண்ணாச்சி அழவில்லை. கடல் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"ஜாதகம் சுத்தம்தான். அது காத்துக்குத் தெரியுமாவே?"

பையிலிருந்த இலையை எடுத்து நீட்டினேன். "செந்தூர்ல வாங்குனது" என்றேன். அவர் பிரித்து முதலில் தன் நெற்றியில் பூசினார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு என் நெற்றியிலும் பூசிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினார். தந்தி என்றாலே சாவுச் செய்திதானே. சம்பந்தியம்மாள் வாங்காமலே நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். செண்பகம் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். தந்திக்காரர்தான் பிரித்துப் படித்தார்.

"ஏ யம்மா, ஒப்பாரிய நிறுத்துங்க! கொல்லத்துல இருந்து உங்க மவன்தான் அடிச்சிருக்கான். தோணியில எல்லாரும் சொகம்!"

பாய்மரம் முறிந்து, வாடைக்காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டே போய், தோணியைக் கன்னியாகுமரிக்கு அந்தப் பக்கம் கொண்டுவிட்டிருக்கின்றன. கொல்லத்து மீனவர்கள் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். கரை கண்ணில் பட்டது வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று சுடலைமுத்து வந்து சொன்னான். நான் சந்நிதியில் நின்ற நாள்.

ஜோதிடம் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. அது வேதத்தின் கண் என்று எங்கள் பஜனைப் பெரியவர் சொல்வார். பேரன் பிறந்தபோது நானும் ஜாதகம் எழுதினேன். இப்போதும் நாள் பார்க்காமல் நல்ல காரியம் செய்வதில்லை. ஆனால் கிரகத்தைக் குறிக்கிறவனும் நேரத்தைச் சொல்கிறவனும் மறதியுள்ள மனிதர்கள். என்னைப் போல ஒருவன் சொன்ன நேரத்தை வைத்து ஒரு பெண்ணைப் பார்த்து ஆகாதவள் என்று சொல்லப் பயமாக இருக்கிறது. என் கை எழுதியது சரியாகப் போனதால் நான் நல்லவன் ஆகிவிடவில்லை. ஏமாற்றத்தான் எழுதினேன். அதை மன்னித்தவன் அவன்.

செண்பகத்திடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு மணி நேரத்துக்குப் பத்து வருசமாப்பா?" என்றாள். அந்தக் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவளே எனக்குச் சோறு போட்டாள்.

உங்கள் வீட்டிலும் பயம் காட்டும் ஜாதகம் ஒன்று பெட்டியில் இருக்கலாம். வெளியே சொல்லாத பொய் ஒன்று நெஞ்சில் இருக்கலாம். இரண்டையும் எடுத்துக்கொண்டு செந்தூருக்குப் போங்கள். அவனிடம் அழுங்கள். திரும்பி வந்து, சொல்ல வேண்டிய ஆளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இலை விபூதியை அதற்குப் பிறகு பிரியுங்கள்.