இஞ்சினுக்குப் பொட்டு வைக்கும் இடம்

எங்கள் மேலநீலிதநல்லூருக்கு முதல் ஆயில் இஞ்சின் மாட்டுவண்டியில் வந்து இறங்கிய அன்று, ஊரில் பாதி, அதை வாங்கிய காளிராஜின் தோட்டத்தில்தான் நின்றது. காலேஜ் லீவுக்கு வந்திருந்த நானும் நின்றேன். இஞ்சினோடு சங்கரன்கோவிலிலிருந்து ஒல்லியான ஒரு மனிதரும் வந்து இறங்கினார். கையில் மெல்லிய ஒரு தமிழ்ப் புத்தகம், இன்னும் அச்சாகாத கையெழுத்துப் பிரதி. யாராவது அதைப் படித்து, படித்தபடியே இஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். பி.ஏ. படிக்கிறவன் என்று ஊரார் என்னை முன்னே தள்ளினார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க வேண்டாம் தம்பி. காலேஜ்ல படிக்கிறவுக புரியலேன்னாலும் புரிஞ்ச மாதிரி வாசிச்சிருவீக. எனக்கு அங்கங்க நின்னு முழிக்கிற ஆளு வேணும்.”

முழிக்க ஆளுக்கா பஞ்சம்? காளிராஜே முன்வந்தார். நன்றாகவே முழித்தார். அவர் முழித்த இடங்களிலெல்லாம் இந்த மனிதர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். அவர்தான் ஏசுவடியான். அந்தப் புத்தகத்தை எழுதியவர்.

யுத்தம் முடிந்த கையோடு, சங்கரன்கோவில் ரத வீதியில் சங்கரநயினார் வைத்திருந்த சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் ஏசுவடியான். மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு. காஸ் லைட், பம்ப் ஸ்டவ், தையல் மிஷின் என்று எது விற்றாலும் பெட்டிக்குள் ஒரு இங்கிலீஷ் காகிதம் மடித்து வைத்திருக்கும். வாங்குகிறவர்கள் அதை அலமாரித் தட்டில் விரித்துவிட்டு, மறுநாள் சாமானைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்கள். “அண்ணாச்சி, இந்தச் சவத்து ஸ்டவ்வு எரிய மாட்டேங்கு.” சங்கரநயினாருக்கு இதே தலைவலி. அதற்கு மருந்தாகத்தான் ஏசுவடியான் ஸ்டவ்வுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதினார்.

எழுதியதை மனைவி செல்வமணியிடம் கொடுத்து, “இதுல இருக்கிறத மட்டும் செய்யி. உன் புத்திய உபயோகிக்காத” என்றார். சொல்லியிருக்கக் கூடாது. செல்வமணி குசும்புக்காரி. ‘பம்பை அடிக்கவும்’ என்று படித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். தீ கூரையைப் பார்த்து எழும்பியது.

“ஏட்டி, நிறுத்து, நிறுத்து.”

“எப்ப நிறுத்தணும்னு நீங்க எழுதலையே. எம் புத்திய உபயோகிக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டீக.”

கண் இமை முடி கருகியதோடு தப்பித்தார். ஆனால் தொழில் பிடிபட்டது அன்றைக்குத்தான். ஒரு வரிக்கு ஒரு வேலை. எப்போது தொடங்குவது என்று சொன்னால் எப்போது நிறுத்துவது என்றும் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும், மிஷினைக் கண்டிராத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் எங்கே முழிக்கிறாரோ அங்கே வரி சரியில்லை என்று அர்த்தம். இந்த முறையை அவர் அதன் பிறகு விட்டதே இல்லை.

ஸ்டவ்வுக்கு எழுதியது காஸ் லைட்டுக்கு வந்தது. தையல் மிஷின் ஏஜெண்டு கேட்டார், பருத்திக்கு மருந்து தெளிக்கிற பம்பு விற்கிறவர் கேட்டார். ராஜபாளையத்திலிருந்து ஆட்கள் வந்து எழுதி வாங்கிப் போனார்கள். பிறகு கோயம்புத்தூர் இஞ்சின் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் இஞ்சினுக்கு ஒரு புத்தகம் எழுதுங்கள், ஒரு போகம் புகார் இல்லாமல் ஓடினால் கம்பெனியின் தமிழ் வேலை முழுக்க உங்களுக்கு, மாதச் சம்பளம், ஊரைவிட்டு வரவும் வேண்டாம் என்று.

ஏசுவடியான் கடை வேலையை விட்டார். சங்கரநயினாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“எழுதிப் பொழைக்கப் போறீராவே? நாடகம் எழுதுதான், பாட்டு எழுதுதான், சரி. மூடியத் தெற, எண்ணெய ஊத்துன்னு எழுதுததுக்குச் சம்பளமா?”

“ஊத்தத் தெரியாமத்தான அண்ணாச்சி ஒம்ம கடை வாசல்ல வந்து நிக்காக.”

“நல்லா இரும். ஆனா சொல்லிட்டேன், உம்ம எடத்துல எங்க மச்சினன நிறுத்தியாச்சு. திரும்பி வந்து நிக்கக் கூடாது.”

காளிராஜ் முழித்த வரிகளைத் திருத்தி, புத்தகம் அச்சானது. அந்த வருஷம் சங்கரநயினார் கடை வழியாக வாசுதேவநல்லூர் வரைக்கும் இஞ்சின்கள் போயின. மாடு கட்டிக் கமலை இறைத்த கிணறுகளில் புகை கிளம்பியது. ஒரு புகார் இல்லை. போகம் முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி. செல்வமணி மாதச் சம்பளத்தில் ஒரு பசுமாடு வாங்குவதென்று முடிவே பண்ணிவிட்டாள்.

அப்போதுதான் ஆயுத பூசை வந்தது. பூசை முடிந்த மறுநாள் காளிராஜின் இஞ்சின் நல்லபடி கிளம்பி, பாத்தியில் பாதி நனைவதற்குள் முனகிக்கொண்டே நின்றுபோனது. அதே நாளில் வாசுதேவநல்லூரிலும் நின்றது. அந்த வாரத்துக்குள் பத்துப் பதினைந்து இஞ்சின். கடை மெக்கானிக் போவார், டாங்கி மூடியைத் திறந்து குருடாயில் இருக்கிறதா என்று பார்ப்பார், மூடுவார். இஞ்சின் குதித்துக்கொண்டு ஓடும். டீயைக் குடித்துவிட்டு அவர் ஊர் எல்லை தாண்டுவதற்குள் நின்றுவிடும். மிஷினில் கோளாறு இல்லை, ஓட்டுகிற முறையில்தான் கோளாறு என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டார். கம்பெனியிலிருந்து தந்தி வந்தது. மானேஜர் நேரில் வருகிறார், தமிழ்ப் புத்தகம் வேண்டுமா வேண்டாமா என்று பார்க்க.

ஏசுவடியான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே காளிராஜ் தோட்டத்துக்கு வந்தார். காளிராஜ் மூஞ்சி கொடுத்துப் பேசவில்லை.

“கண்ணுபட்டுப் போச்சு. நானும் நாள் தவறாம சந்தனத்த அப்பி, எலுமிச்சம்பழம் வெட்டுதேன். ஒண்ணும் கேக்க மாட்டேங்கு.”

ஏசுவடியான் தம் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தாமே எழுதிய ஒவ்வொரு வரியையும் அன்னியன் மாதிரி படித்துச் செய்தார். இஞ்சின் ஓடியது. நின்றது. மெக்கானிக் செய்த மாதிரியே மூடியைத் திறந்தார். திறக்கும்போது ‘உஸ்’ என்று ஒரு சத்தம், தாகம் எடுத்தவன் மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி. மறுபடி மூடி, ஓட்டி, நிற்க விட்டு, திறந்தார். மறுபடியும் உஸ். மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேலே காளை மாட்டுத் திமில் மாதிரி காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். ஈர்க்குச்சியால் சுரண்டினார். சந்தனத்துக்கு அடியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துவாரம் இருந்தது. உள்ளே எண்ணெய் குறையக் குறைய வெளிக்காற்று போவதற்கு வைத்த வழி அது; அடைபட்டால் எண்ணெய் இறங்காது. ஆயுத பூசைக்கு அத்தனை பேரும் அதை அடைத்திருக்கிறார்கள். நின்றுபோன இஞ்சினுக்கு இன்னும் பக்தியாக அப்பியிருக்கிறார்கள்.

ஏசுவடியான் சிரித்த சிரிப்பில் காளிராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. விஷயத்தைக் கேட்ட பிறகும் தணியவில்லை.

“அதுதானவே இஞ்சினுக்கு நெத்தி? நெத்தியில சந்தனம் வைக்காம வேற எங்க வைப்பாக?”

வீட்டுக்கு வந்து, ‘டாங்கி மூடியில் சந்தனம் வைக்கக் கூடாது’ என்று ஒரு வரி எழுதினார். மறுநாள் காளிராஜிடம் கொடுத்தார். காளிராஜ் முழிக்கவில்லை, முறைத்தார். “கூடாதுன்னு சொல்ல நீரு யாரு? நீரு சர்ச்சுக்குப் போற வேதக்காரரு. பூசையன்னிக்குப் பொரிகடலை திங்க வந்தீரு, தின்னீரு. பொட்டு வைக்கத எங்ககிட்ட விட்டுரும்.”

வரி சரியில்லை. மானேஜர் வியாழக்கிழமை வருகிறார். ஏசுவடியான் அந்த வரியை வீட்டில் காட்டினார். செல்வமணிதான் சொன்னாள்.

“நிறுத்துன்னா யாரு நிறுத்துவா? கைக்கு வேற ஒரு வேலையக் குடுங்க.”

அவர் திரும்பிப் போய், “மாமா, இஞ்சினுக்கு நெத்தி எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. இந்தத் துவாரம் அதுக்கு மூக்கு” என்றார். காளிராஜ் இஞ்சினை இரண்டு முறை சுற்றி வந்தார். கொட்டகை வாசலைப் பார்த்த பக்கம், பெரிய சக்கரத்துக்கு மேலே தகரத்தில் கம்பெனிப் பேர் எழுதியிருந்த இடத்தைத் தொட்டார். “மூக்குன்னு நீரு மொதல்லயே சொல்லியிருக்கணும். மூக்குல எவனாவது பொட்டு வைப்பானா?”

வியாழக்கிழமை ரயிலில் வந்து இறங்கிய மானேஜரிடம் ஏசுவடியான் ஒளிக்கவில்லை. தம் புத்தகத்தில் ஒரு பக்கம் குறைகிறது என்றார். மானேஜர் பையிலிருந்து இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

“இதிலேயும் இல்லையே?”

“இத எழுதின இங்கிலீஷ்காரவுக ஊர்ல இஞ்சினுக்குச் சந்தனம் வைக்க மாட்டாகய்யா.”

அதற்குள் இஞ்சின் படம் போட்டு, நெற்றிக்கு அம்புக்குறி, மூக்குக்கு ஒரு அம்புக்குறி, ‘சந்தனம் இங்கே வைக்கவும். மூக்கைத் துடைத்து வைக்கவும்’ என்று அச்சடித்த ஒற்றைத் தாள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் போயிருந்தது. ஆயுத பூசையிலிருந்து இஞ்சினுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைப்பது வழக்கமாகியிருந்தது. ஆகவே சனிக்கிழமை காலை இருவரும் வாடகைக் காரில் கிளம்பினார்கள். முதல் தோட்டத்தில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பெயர்த் தகரத்தில் சந்தனம். இரண்டாவதும் அப்படியே. வாசுதேவநல்லூரில் ஒரு சம்சாரி பெயர்த் தகரத்துக்கு மாலையே போட்டிருந்தார். காளிராஜ் தோட்டத்தில் மானேஜர் குனிந்து பார்த்தார். கம்பெனிப் பெயருக்கு மேல் பெரிய குங்குமப் பொட்டு, எழுத்தே தெரியவில்லை.

“பேரை மறைச்சிட்டாரே” என்றார்.

“பேரப் படிச்சுப் பாத்துட்டா சாமி கும்புடுதோம்?” என்றார் காளிராஜ்.

மானேஜர் சிரித்துவிட்டு, அந்தப் பக்கத்தையும் சேர்த்து அடுத்த பதிப்பு வர வேண்டும் என்றார். திங்கட்கிழமையிலிருந்து ஏசுவடியான் கம்பெனி ஆள். சங்கரநயினார் கேள்விப்பட்டு, “மூக்கு எது நெத்தி எதுன்னு சொல்லுததுக்கும் சம்பளமா?” என்று வாயைப் பிளந்தாராம்.

இப்போது 1959. ஏசுவடியான் சங்கரன்கோவில் ஸ்டேஷன் ரோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறார். கோயம்புத்தூர் கம்பெனிக்கு இஞ்சினும் பம்பும், மதுரையில் இரண்டு கம்பெனிகளுக்கு மருந்து தெளிக்கிற ஸ்ப்ரேயரும் தையல் மிஷினும் எழுதுகிறார். இந்த மாதம் மின்சார மோட்டாருக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.