ஆடும் பிடியும் அசையாத மேஸ்திரியும்

கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் மெஷினை வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். அதைப் பிடித்துப் பிடித்தே, கட்டட வேலை செய்யும் ஏகாம்பரம் அண்ணனின் கை பாழானது, அதற்கு ஒருத்தரும் பொறுப்பேற்கவில்லை. வேங்கிக்கால் ரோட்டில் அப்பாவின் கடை. எம்.ஏ. வகுப்பு இல்லாத நாளில் கவுன்டர் எனக்கு. கவுன்டரில் உட்கார்ந்தும் வாயை மூடத் தெரியாத எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன்.

கையா, காலா?

மார்கழிக் காலையில் மெஷின் எடுக்க வந்த அண்ணன், கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்து இரண்டு தடவை கீழே விட்டார். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு தடவினதுபோல வெளுத்திருந்தது. நாளெல்லாம் மெஷினின் அதிர்வை வாங்கினால் விரலில் ரத்த ஓட்டமும் நரம்பும் கெடும், முற்றிவிட்டால் திரும்பாது. டாக்டரும் மெஷின் வேலையைக் குறைக்கச் சொன்னாராம். வேலைக்குக் கூட்டிப்போகும் மேஸ்திரியிடம் சொன்னீர்களா என்றேன்.

"சொன்னேம்மா. பௌர்ணமிக்கு கிரிவலம் போ, சரியாப்பூடும்னாரு. அது காலால போறது, எனக்குக் கெட்டது கைன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

கட்டுக்கம்பி

அப்பாவோடு ஒரு மாதம் சண்டை போட்டு, பிடியில் ஸ்பிரிங் வைத்த மெஷின் ஒன்றை வாங்க வைத்தேன். அந்தப் பிடி ஆடும். ஆடுவதால்தான் கைக்கு வரும் அதிர்வு குறையும். அண்ணனுக்கென்றே கொடுத்தனுப்பினேன். சாயந்திரம் திரும்பி வந்தபோது பிடியைச் சுற்றிக் கட்டுக்கம்பி; முறுக்கோ முறுக்கென்று முறுக்கி, இம்மி அசையவில்லை. கொண்டுவந்த மேஸ்திரிக்கு முகமெல்லாம் பெருமை.

"புது மெஷினே லொடலொடன்னு ஆடுது பாப்பா. நானே நின்னு இறுக்கிக் குடுத்துருக்கேன். உங்கப்பா ஏமாந்துட்டாருன்னு சொல்லு."

மழுங்கின உளி

ஊராரைத் திட்டுவது சுலபம். மெஷின் நுனியில் மாட்டி எங்கள் கடையிலிருந்து போகும் உளிகளில் பாதி மழுங்கினவை. மழுங்கின உளியால் கான்கிரீட் சீக்கிரம் உடையாது. ஒரு மணி நேர வேலை இரண்டு மணி ஆகும், அவ்வளவு நேரமும் கைதான் வாங்கும். தீட்டி அனுப்பினால் என்ன என்று அப்பாவைக் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"மெஷின்தானே அடிக்குது, அவனா அடிக்கறான்?"

இரண்டு ஆள்

மறுநாள் கொட்டை எழுத்தில் எழுதிக் கவுன்டரில் ஒட்டினேன்: பிரேக்கர் எடுக்க இரண்டு ஆள் வர வேண்டும், மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும், தனி ஆளுக்குக் கிடையாது. அப்பா முறைத்தார், கிழிக்கவில்லை. மேஸ்திரி மூன்று நாள் எட்டிப் பார்க்கவில்லை.

நாலாம் நாள், அடி அண்ணாமலையில் ஒரு வீட்டுத் தளத்தை இடிக்க வேண்டும் என்று வந்து நின்றார். பின்னால் ஏகாம்பரம் அண்ணன், அவர் பக்கத்தில் திடகாத்திரமாக ஒரு புது ஆள். இனிமேல் அண்ணன் கைக்குப் பாதி நாளாவது ஓய்வு என்று நான் ஸ்பிரிங் மெஷினை எடுத்து வைக்க, அத்தனை வாதாட்டத்துக்கும் கடைசியாக எனக்குக் கிடைத்த பதில் இது:

"ஒண்ணுதான் எடுத்து வெக்கிற? நீ சொன்னபடி ரெண்டு ஆளு கூட்டினு வந்துருக்கேன் இல்ல பாப்பா, இன்னொரு மெஷினும் குடு, ரெண்டு பேரும் சேர்ந்து அடிச்சா வேலை சீக்கிரம் முடியும்."