பாளையங்கோட்டை சாரின் இரண்டாம் குரல்

என் மாமாவின் மனைவி இறந்த அன்று, பாளையங்கோட்டை சார் யாரும் கேட்காமலேயே வயலினைத் தூக்கிக்கொண்டு வந்து, துட்டி வீட்டில் வாசித்து அவமானப்பட்டுப் போனார் என்று எங்கள் உறவினர் சிலர் இன்றும் சொல்லி வருகிறார்கள். அது உண்மையன்று. அவரை அழைத்தார்கள், அழைத்ததை என் காதால் கேட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது என்பதால் மட்டும் என் சாட்சியம் செல்லாததாகிவிடாது.

அம்மாவின் தம்பியான மாமா, திருநெல்வேலியில் அரசு அலுவலர். கோயில் கச்சேரிகளில் பக்கவாத்தியமாக வயலின் வாசிப்பவர். சார், பாளையங்கோட்டை மிஷன் பள்ளி ஒன்றின் இசையாசிரியர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் அவரும் வயலின் வாசிப்பவர். வயலினுக்குத் தந்தி வாங்கப் போன கடையில் பழக்கமானார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், சனிக்கிழமைப் பிற்பகல்களில் மாமா வீட்டுக் கூடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு இசை உருப்படியை அமைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பார். சார் நின்றபடி, மோவாய்க்கடியில் தம்முடையதை இடுக்கிக்கொள்வார்.

"என்னவே, நின்னுக்கிட்டே வாசிக்கீரு? பஸ்ஸுக்கு நேரமாயிட்டோ?" என்பார் மாமா.

"உக்காந்து வாசிக்கதுக்கு இது என்ன பந்தியா வே?" என்பார் சார்.

மெட்டு மாமாவுடையது, மோகன ராகம். அதே சுரங்களை வாசிக்காமல், அதற்குக் கீழே வேறொரு குரலை வாசிப்பது சாரின் வேலை. தேவாலயத்தில் அதுதான் முறையாம். மாமாவுக்கு அது பிடிபட வெகுநாளாயிற்று.

"நான் கெழக்கே போறேன், நீரு மேக்கே போறீரு. இது என்ன கூத்து?"

"எங்க போனாலும் ஆத்துப்பாலத்துல சந்திச்சுத்தான ஆகணும்? கொஞ்சம் பொறும்வே."

நோயில் படுத்திருந்த அத்தை, திறந்த கதவின் வழியே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். "ஆத்துல ரெண்டு பேரு முங்குத மாதிரி இருக்கு. ஒருத்தர் மேல வரும்போது இன்னொருத்தர் கீழ போறாரு," என்று ஒரு நாள் சொன்னாள். சார் கதவருகே போய் நின்று கும்பிட்டார். ஆனால் எங்காவது ஒரு சுரம் மாமாவின் காதுக்கு உறுத்தும், நிறுத்திவிடுவார். மறுபடி முதலிலிருந்து.

"ஒரு தடவையாவது நிப்பாட்டாம வாசிங்களேன். நான் முழுசாக் கேக்கணும்லா," என்றாள் அத்தை.

"அடுத்த சனிக்கிழமை," என்றார் மாமா. அந்தச் சனிக்கிழமைக்குள் அவள் போய்விட்டாள்.

அன்று விடியற்காலையில் மாமா தொலைபேசியில் பேசியபோது பக்கத்தில் நின்றவன் நான். "அவ கேட்டா வே. வாத்தியத்தோட வாரும். நான் தொடக்கூடாது." காரியங்கள் முடியுமட்டும் துட்டிக்காரர் வாத்தியத்தைத் தொடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

சார் வந்தார். அத்தையின் கால்மாட்டில் நின்று கண்ணை மூடி வாசிக்கத் தொடங்கினார். தம் குரலை மட்டுமே வாசித்தார். மெட்டில்லாமல் அது தாழ்ந்து இழுபட்டது. நடுநடுவே காரணமின்றி மௌனமாயிற்று. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுல பாட்டு எங்கடே இருக்கு?" என்று யாரோ முணுமுணுத்தார்.

மாமாவின் அண்ணனான பெரிய மாமா எழுந்தார். "ஓய் சார்வாள், இது துட்டி வீடு. உம்ம கச்சேரிய வேற எங்கயாவது வச்சுக்கிடும்."

வில் நின்றது. சார் மாமாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 'நான்தான் வரச் சொன்னேன்' என்ற ஒரு சொல் போதும். மூத்தவர் பேசிய பின் இளையவர் மறுத்துப் பேசுவது எங்கள் குடும்பத்தில் இல்லை. அதைப் பெருமையாகச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். மாமா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஈர வேட்டியின் மேல், தொடையில் கிடந்த அவருடைய இடக்கை விரல்கள் மட்டும் ஏறி இறங்கி அழுந்திக்கொண்டிருந்தன.

"மாமாவுக்குக் கை நடுங்குதும்மா," என்றேன்.

அம்மா பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பேசாம இரு. அங்கன பாக்காத."

சார் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார். உடனே புறப்படவில்லை. பெட்டியை மார்போடு அணைத்தபடி, மாமாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய மாமா இருமிக் காட்டினார். அப்போதும் சார் நகரவில்லை. விரல்கள் தொடையில் மேலேறி, கடைசிச் சுரத்தைப் பிடிப்பதுபோல் ஓரிடத்தில் நெடுநேரம் அழுந்தி, பிறகு ஓய்ந்து மடங்கின. அதன் பின்பே அவர் படியிறங்கினார்.

போகச் சொன்னால் உடனே போகத் தெரியாத மனிதர் என்றுதான் அன்று நானும் நினைத்தேன்.