பதினான்காவது ஐட்டம்: தீப்பெட்டி 2

மூன்று கல் கூட்டி அடுப்பு தயார். அதன்மேல் பானை, பானையில் தண்ணீர், பக்கத்தில் களைந்த அரிசி. சுள்ளி பொறுக்கி அடுக்கியாயிற்று. இல்லாதது நெருப்பு ஒன்றுதான். நாடு முழுக்கத் தீப்பெட்டி அனுப்புகிற சிவகாசியிலிருந்து எட்டே மைல் தள்ளி, வைப்பாற்றங்கரைப் புளியந்தோப்பில் நின்றுகொண்டு, என் சட்டைப் பையையும் கால்சட்டைப் பைகளையும் மூன்றாவது தடவையாகத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அனுபவக் குறிப்பு எழுத எனக்கு இன்னும் வயதாகவில்லை. முப்பதே ஆகவில்லை. ஆனால் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் "டூர் லிஸ்ட் எப்படிப் போடணும், சாமுவேல் அண்ணே?" என்று என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. வடக்கு லைன்

அப்போது நான் டெஸ்பாட்ச் கிளார்க். எந்த லோடு எந்த ஊருக்கு, எத்தனை பெட்டி, எந்த லாரி என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊர்ப் பெயராக எழுதுவேன். நாக்பூர், ஜபல்பூர், கான்பூர். எழுதிய ஊர் ஒன்றையும் பார்த்ததில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளத்தில் முதல் மார்க் வாங்கியவனுக்கு இது பெரிய கொடுமை.

ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற வேலைக்கு லைன் என்று பெயர். வடக்கு லைன் அந்தச் சமயம் காலியாக இருந்தது. முன்பு போய்க்கொண்டிருந்தவர், நாக்பூர் வியாபாரி ஒருவரின் பட்டாசு குடோன் வாசலில் நின்று சிகரெட் பற்ற வைத்தார். வியாபாரி மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். அத்தோடு அவர் லைன் முடிந்தது.

நான் முதலாளியிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாத்தூரத் தாண்டி எங்கயாச்சும் போயிருக்கியாலே நீ?"

"விருதுநகர் போயிருக்கேன்யா."

"பெரிய தேசாந்திரிதான். சரி கேளு. கோயமுத்தூர் ஏஜென்ட் வந்திருக்காரு. சீசன் முடிஞ்சிருச்சு, ஊரச் சுத்திக் காமிங்க, பெறவு ஆர்டர் பேசுவோம்னுட்டாரு. கல்லுல செதுக்குன பழைய கோயிலுன்னா உசிரு. டாக்டர் வேற தினம் நடக்கச் சொல்லியிருக்காராம். வெள்ளிக்கெளம பிளஷர் காரு தாரேன், செல்லையா ஓட்டுவான். ஒத்த நாளு. சுத்திக் காமிச்சு, சாயங்கால ரயிலுக்குக் கொண்டாந்து சேத்திரு. ஒழுங்காச் செஞ்சேன்னா லைன் ஒனக்கு. இல்லேன்னா டெஸ்பாட்சுலயே கெட."

2. லிஸ்ட்

எனக்குத் தெரிந்தது டெஸ்பாட்ச் லிஸ்ட் ஒன்றுதான். அதே ஃபாரத்தில் போட்டேன். கார்பன் வைத்து மூன்று காப்பி. புறப்பாடு 5.30. கழுகுமலை 7.00. இறக்கம் ஐந்து நிமிடம். மலை ஏற்றம் பதினெட்டு நிமிடம். சிற்பம் பார்த்தல் இருபது நிமிடம். 11.30 வைப்பாற்றங்கரையில் சமையல். 2.00 ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம், 2.40 பழைய அரண்மனை, 5.10 சிவகாசி ரயில் நிலையம். பதினெட்டு நிமிடம் என்பது குத்துமதிப்பு அல்ல. வியாழக்கிழமை லீவு போட்டு, பஸ்ஸில் கழுகுமலை போய், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நானே மலையில் ஏறினேன். ஓடினேன் என்பதுதான் சரி.

சரக்கு என்ற பத்தியில் 'கோயமுத்தூர் ஏஜென்ட் - 1' என்று எழுதி, பழக்க தோஷத்தில் 'கவனமாகக் கையாளவும்' என்றும் சேர்த்துவிட்டேன்.

டிரைவர் செல்லையா அண்ணன் வாங்கிப் படித்தார். "மனுசர இறக்குறதுக்கு அஞ்சே நிமிசமாலே? அவரென்ன புஸ்வாணப் பெட்டியா? தலகீழாக் கவுத்துறாதீகன்னும் எழுதிரு."

எடுத்துப் போகும் சாமான்களுக்குத் தனி லிஸ்ட். அரிசி, பருப்பு, பானை, தேயிலை, பனங்கற்கண்டு, ஜமுக்காளம் என்று இருபத்திரண்டு ஐட்டம். பதினான்காவது, தீப்பெட்டி 2. ஒவ்வொன்றையும் வீட்டிலேயே எடுத்து வைத்து டிக் அடித்தேன். தீப்பெட்டிகளை மட்டும் பாதுகாப்பாக என் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

காலை ஐந்து மணிக்கு ஃபேக்டரி ஷெட்டில் நின்ற பிளஷரில் சாமானை ஏற்றினோம். 5.30க்கு, லிஸ்டில் உள்ளபடி, புறப்பட்டோம்.

3. பதினெட்டு நிமிடம்

கோயமுத்தூர்க்காரர் நல்ல உயரம், வெள்ளை வேட்டி, கையில் ஊன்றாத ஒரு தடி. கழுகுமலையில் இறங்கினதும், "ஏனுங் தம்பி, ஒரு டீ கெடைக்குமுங்களா?" என்றார். லிஸ்டில் டீ 11.30க்குத்தான் இருந்தது. சொன்னேன். "அப்பிடீங்களா, லிஸ்ட்டுன்னா லிஸ்ட்டுத்தானுங்க" என்று தடியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மலையைக் குடைந்து, பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, பாதியில் நின்றுபோன கோயில் அங்கே இருக்கிறது. அதன் முன்னால் அவர் உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடம் ஆயிற்று. நாற்பது ஆயிற்று. நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் காட்டி, இரண்டு தடவை இருமினேன்.

"மேல இருந்து கீழ செதுக்கியிருக்கானுங்க தம்பி. ஒரு கல்லு தப்பாப் பேந்தா மறுபடி ஒட்ட முடியுமுங்களா? இவன் எந்தக் கடியாரத்தப் பாத்திருப்பானுங்க?"

சமணச் சிற்ப வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நாங்கள் இறங்கும்போது ஒன்றரை மணி நேரம் லேட். வயிற்றில் அவருக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை.

4. புளியந்தோப்பு

நெருப்பு இல்லை என்பது தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

"அண்ணே, ஒங்ககிட்ட இருக்கா?"

"நான் பீடி பத்த வைக்கது கடையில தொங்குத கயித்து நெருப்புல. எங்கிட்ட ஏதுலே?" என்றார் செல்லையா அண்ணன்.

"நா சிகரெட்டை உட்டு ரண்டு வருசமாச்சுங்க" என்றார் விருந்தாளி. "டீ மட்டும் உடலைங்க. அதுதான் இப்பப் பிரச்சனை."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. விடியற்காலை ஃபேக்டரி கேட். உள்ளே நுழைகிற யாராயிருந்தாலும் தீப்பெட்டியை வாட்ச்மேன் மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். தினமும் செய்வது. யாரும் கேட்கவில்லை, என் கை தானாகப் போய் இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறது. டிக் அடித்த லிஸ்ட் மட்டும் என்னோடு வந்திருக்கிறது.

செல்லையா அண்ணன் பானட்டைத் திறந்தார். "பேட்டரி வயர ஒரு ஒரசு ஒரசி, பெட்ரோல் துணியில பத்த வச்சிருவமா? ரெண்டு நிமிசம்."

"வேண்டாம்ணே." யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிட்டது. "டாங்குக்குப் பக்கத்துல பொறியா? பானட்ட மூடுங்க."

விருந்தாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நான்கைந்து வீடுகள் தெரிந்த திசையில் ஓடினேன்.

ஊரில் ஒரே கடை, பூட்டியிருந்தது. அடுத்த வீட்டு முற்றத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பசை தடவித் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மலைபோல் காலிக் கூடுகள் காய்ந்தன.

"அக்கா, ஒரு தீப்பெட்டி கெடைக்குமா?"

"ஆயிரங் கெடக்கு, அள்ளிக்கங்க. குச்சிதான் கெடையாது. எந்த ஊரு?"

"சிவகாசி."

அவர் பசைக் கையோடு பக்கத்து வீட்டைப் பார்த்துத் திரும்பினார். "ஏ பாப்பாத்தி, இங்கன வந்து பாரேன். சிவகாசில இருந்து ஒரு தம்பி நெருப்பு கேட்டு வந்திருக்காக."

பாப்பாத்தி மட்டும் வரவில்லை. நாலு வீடும் வந்தது. நான் வியர்த்துக்கொண்டு, "அடுப்புல கங்கு இருந்தா செரட்டையில ரெண்டு போட்டுத் தாங்கக்கா" என்றேன்.

"வெள்ளிக்கெளம அடுப்பு நெருப்ப வெளிய குடுக்க மாட்டோம் தம்பி. யாரு வந்து கேட்டாலும் கெடையாது." என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெருப்புதான வெளிய வராது? நீங்க உள்ள வாங்க. பானையத் தூக்கியாந்து எங்க அடுப்புல ஏத்துங்க. எம்புட்டுப் பேரு இருக்கீக?"

5. பதினொன்றில் மூன்று

விருந்தாளிக்கு அரை மைல் நடை கிடைத்தது. "நடக்கத்தானுங்களே வந்தது" என்றார். பானையை நானும் செல்லையா அண்ணனும் தூக்கினோம். கூடு ஒட்டிக்கொண்டிருந்த அந்த முத்தம்மா அக்காவின் அடுப்பில் முதலில் டீ. அதன்பின் உலை.

சோறு வேகிற வரை கோயமுத்தூர்க்காரர் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கூடு ஒட்டினார். முதல் கூடு கோணல். முத்தம்மா அதைத் திருப்பிப் பார்த்துத் தனியாக வீசினார். "இத கம்பெனியில எடுக்க மாட்டாக மொதலாளி."

"நா எத்தன லச்சம் பெட்டி விக்கிறவன் தெரியுமுங்களா?"

"விக்கதுக்கு வாய் போதும். இதுக்கு வெரலு வேணும்."

பதினோரு கூடு ஒட்டினார். மூன்று பாஸ். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மறுபடி ஒரு டீ குடித்துவிட்டு அவர் எழுந்தபோது மணி மூன்றே கால். நான் பென்சிலை எடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை அடித்தேன். அரண்மனையை அடித்தேன். வடக்கு லைனையும் மனதுக்குள் அடித்துவிட்டேன்.

6. கேட்

ரயில் நிலையத்துக்கு முதலாளியே வழியனுப்ப வந்திருந்தார். விஷயத்தை நானே பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். கோயமுத்தூர்க்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பேட்டரி வயர் உட்பட, ஒன்று விடாமல் சொல்லிச் சிரித்தார். கையில் கோணல் கூடு இருந்தது. ரயில் போயிற்று.

முதலாளி சிரிக்கவில்லை. நேரே ஃபேக்டரி கேட்டுக்கு வந்தார். வாட்ச்மேன் மாடசாமி மரப்பெட்டியைத் திறந்தார். இரண்டு தீப்பெட்டி, மேலே என் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு.

"நீ கேட்டு வாங்கினியா மாடசாமி?"

"இல்லய்யா. நான் வாயத் தொறக்கு முன்னாலயே எடுத்து மேசையில வச்சிட்டு ஓடிட்டாக. திரும்பி வாரப்ப கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேன், பிளஷரு நிக்கல."

முதலாளி இரண்டு பெட்டியையும் கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"நாக்பூர் குடோன் வாசல்லயும் இந்தக் கை இப்படித்தான் போகுமா?"

"அதுபாட்டுக்குப் போயிரும்யா. என்னையக் கேக்காது."

"அப்ப நீ போ. எனக்கு அந்தக் கைதான் வேணும். லிஸ்ட மட்டும் திருத்து. மனுசருக்கு அஞ்சு நிமிசம் பத்தாதுலே."

அடுத்த மாதம் நாக்பூரில் அந்த வியாபாரி குடோன் வாசலில் கைகட்டி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு ஹிந்தி வராது. எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினேன். அவர் வழிவிட்டார்.

புதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டுதான். லிஸ்டில் ஒவ்வொரு ஊருக்கும் கீழே ஒரு வரி காலியாக விடுங்கள். அங்கே என்ன எழுத வேண்டும் என்பதை ஊர் சொல்லும். தீப்பெட்டி இன்றைக்கும் பதினான்காவது ஐட்டம்தான். அதன் பக்கத்தில் மட்டும் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: கேட்டைத் தாண்டியபின் வாங்கவும்.