பொட்டு அழிந்த பிளாப்பி

அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில், எண்பத்தைந்தில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் செங்கோடன். பொய் என்றால் முகம் சுளிக்கிற பிறவி. சினிமாவில் கம்ப்யூட்டரைக் காட்டிவிட்டால் போச்சு. எந்தக் கம்ப்யூட்டர் இப்படி மணியடிக்கிறது, எதைத் தட்டினால் இப்படி வரும் என்று மனைவி சௌந்திரத்தின் காதைக் கடிப்பான். அவள் ஒரு படத்தையாவது நிம்மதியாகப் பார்த்தாளா, பாவம்!

அவனிடமே சினிமாக்காரர்கள் வந்து நின்றார்கள். வில்லன் தன் ரகசியங்களை அழிக்கிற காட்சி. மில் முதலாளியும் சம்மதித்துவிட்டார். திரையில் தெரிய எதையாவது தட்டு என்றார் டைரக்டர். இவன் விடுவானா? நிஜ உத்தரவைத்தான் தட்டுவேன், விவரம் தெரிந்தவன் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றான். அதற்கென்று, விவரங்களைப் பதிந்து வைக்கிற பிளாப்பித் தகடுகளில் காலியான ஒன்றையும் எடுத்து வைத்தான்.

எண்ணூறு தொழிலாளிகள் எப்போது சேர்ந்தார்கள், எத்தனை வருஷம் உழைத்தார்கள் என்கிற விவரமெல்லாம் இன்னொரு பிளாப்பியில் இருந்தது. இரண்டு வருஷம் உட்கார்ந்து அவன் ஏற்றியது. பழைய பேரேடுகளை எடைக்குப் போடச் சொன்னதும் அவன்தான். இன்னொரு பிரதி எடுப்பதை மட்டும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனான். ஆயுத பூஜையன்று அந்த மில் பிளாப்பியின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தான். பொட்டு இருந்தால் மில்லுடையது, இல்லையென்றால் காலி. பெயர் எழுதி ஒட்டவில்லை, மடையன்.

இரண்டும் கம்ப்யூட்டர் மேசையிலேயே கிடந்தன. அவன் சாப்பிடப் போன நேரத்தில், வில்லன் மேசையில் பொட்டு எதற்கு என்று மேக்கப்காரர் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். திரும்பி வந்தவன் கைக்கு அகப்பட்டது பொட்டில்லாத பிளாப்பி. சந்தேகமே வரவில்லை. போட்டான், எல்லாவற்றையும் அழிக்கிற உத்தரவைத் தட்டினான். நிச்சயந்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அது எப்போதும் கேட்கும். ஆமாம் என்பதற்கான எழுத்தைத் தட்டினான்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் வேலை போயிற்று. அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். வேலையை விட்டு நிற்கப்போகும், வருஷக் கணக்கைக் காட்டிப் பணம் வாங்கவேண்டிய தொழிலாளி கண்ணாத்தாள் மில் வாசலில் அவன் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ர இருவது வருசத்தை எங்க சாமி போட்ட?"

அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கிளம்பினான். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. லாரி ஆபீஸ் ஒன்றில் ரசீது எழுதப் போனான்.

படம் சேலத்துக்கு வந்தபோது சௌந்திரத்தோடு மதியக் காட்சிக்குப் போனான். வில்லன் ஒரு பொத்தானை அமுக்கினான். சிவப்பு எழுத்துகள் ஓடின, மணி அடித்தது, எல்லாம் அழிந்தது. செங்கோடன் தட்டிய வரி இல்லை. கம்ப்யூட்டர் கேட்ட கேள்வியும் இல்லை. கொட்டகையில் விசில் பறந்தது.

அவன் காதைக் கடிப்பான் என்று சௌந்திரம் காத்திருந்தாள். கடைசியில் அவளே கேட்டாள்.

"ஏனுங்க, நெசமாலுமே இப்படித்தான் அழியுமுங்களா?"

"இல்ல சௌந்திரம். அது ஒருக்கா கேட்டுது. நாந்தான் ஆமான்னேன்."