மூடிய கை என்றால் நில்

ஹைதராபாத் கச்சிபௌலியில் எங்கள் அடுக்ககத்து வாசலில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் என் கணவர் இந்த நாடு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்பார். அதே மனிதர் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து, டீசலை நிரப்பிக்கொண்டு, அதைவிடப் பெரிய பள்ளங்களைத் தேடி விகாராபாத் பக்கத்துக் காட்டுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆஃப்-ரோடிங்காம். அதற்கு ஒரு கிளப், கிளப்புக்கு ஒரு டிஷர்ட், டிஷர்ட்டின் முதுகில் ஒரு கழுகு.

வண்டி சிவப்பு நிறம். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், ஆற்றைக் கடக்கும், மலை ஏறும் என்று சொல்லி விற்றார்கள். வாங்கிய நாளிலிருந்து அது பார்த்த காடு மாதாப்பூர் சிக்னல் ஒன்றுதான். அதன் மேல் ஒரு கீறல் விழுந்தால் இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். எங்கள் மகள் கதவைத் திறப்பதற்கு முன்னால் நகம் வெட்டியிருக்கிறாளா என்று பார்க்கிற அளவுக்குப் போயாயிற்று.

நான் மென்பொருள் சோதிப்பவள். அடுத்தவர் செய்து முடித்தது எங்கே உடையும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஆபீஸில் அதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதற்கு நொய் நொய் என்று பெயர். போலாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, "இடது பக்கம் திரும்புங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்று நேராகப் போனார். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது கடைசிப் பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷியின் குரல் மட்டும் ஒரு ஆளுக்குக் காதில் விழாமல் போவது வலிக்கும். அதை நான் ஜோக்காக்கிச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கிளப்பின் தலைவர் போலாரத்தில் பல் டாக்டர். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். காட்டுக்குள் ஒரு வறண்ட ஓடைக்கு முன்னால் எல்லா வண்டிகளையும் நிறுத்தி, இந்தியிலும் தெலுங்கிலும் விதிகளைச் சொல்லிவிட்டு, எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்.

"பாறை மேல ஏறுறப்போ முன்னாடி என்ன இருக்குன்னு ஓட்டுறவருக்குத் தெரியாது, பானெட் மறைச்சிடும். கீழ ஒருத்தர் நின்னு கை காட்டணும். அவர்தான் ஸ்பாட்டர். விரலை ஆட்டினா வா, கையை மூடினா நில்லு. அவ்ளோதான். ஓட்டுறவர் வாயே திறக்கக் கூடாது. வாயைத் திறக்கிறதெல்லாம் என் கிளினிக்ல வெச்சுக்கலாம்."

"எங்களுக்கு யார் சார் ஸ்பாட்டர்?" என்றார் இவர்.

"மேடம்தான். வீட்ல பேசிப் பழகினவங்க, சட்டுனு புரிஞ்சுக்குவீங்க."

பாவம், கல்யாணமாகாதவர்.

எங்களுக்கு முன்னால் போன ஜோடி பாதி ஓடையில், வலது என்றால் யாருடைய வலது என்று சண்டை பிடித்துக்கொண்டது. வண்டி இரண்டு பாறைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டது. கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மா வேறொரு வண்டியில் ஏறிக்கொண்டார்.

எங்கள் முறை வந்தது. நான் எதிரே போய் நின்று கையைத் தூக்கினேன். இவர் வழக்கம்போல என்னைத் தாண்டி எங்கோ பார்த்தார்.

"நக்கோ சார், வேணாம்! அங்க என்ன பார்க்கறீங்க? மேடம் கையைப் பாருங்க!" என்று டாக்டர் கத்தினார்.

பார்த்தார். ஐயோ, பார்த்தார்! நான் விரலை ஆட்டினால் வண்டி அசைந்தது. இடது பக்கம் காட்டினேன், இடது பக்கம் வந்தது. போலாரம் கல்யாணச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. நடுவில் முன்சக்கரம் பாறையின் விளிம்புக்கு வழுக்கிக்கொண்டு போக, நான் கையை மூடினேன். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. எனக்குத் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இவர் என் கையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு பம்பரைப் பார்த்து அழுதுவிடுவேனோ என்று பயந்தே போனேன்.

சாயங்காலம் முகாம். இயற்கையோடு ஒன்றிப் போக வந்தவர்கள் காபி மெஷினையும் ஸ்பீக்கரையும் இறக்கிவைத்தார்கள். ஏரிக்கரையில் இருந்த கொக்குகள் முதல் பாட்டிலேயே வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன. இவர் தட்டில் பிரியாணியை வைத்துக்கொண்டு எல்லோரிடமும், "அவ கரெக்டா கை காட்டினா, நான் வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவ கரெக்டா. இந்த இரண்டு சொல்லை நான் அதற்கு முன் ஒன்றாகக் கேட்டதில்லை. கூடாரத்தில் முதுகைக் கல் குத்தியது, காதில் கொசு பாடியது, எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இது மட்டும் எங்களோடு வீடு வரைக்கும் வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். டிஷர்ட், கழுகு எல்லாம் காட்டிலேயே கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போயிற்று. சேற்று மேட்டில் நான் கை காட்ட, இவர் ஏறினார். திரும்பும்போது ஒரு டீக்கடையில் டாக்டர் எங்கள் வண்டியைச் சுற்றிவந்து, கடைவாய்ப் பல் வரை எட்டிப் பார்ப்பவர் மாதிரி குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு கீறல் இல்ல சார். மேடமுக்குத் தேங்க்ஸ் சொல்லுங்க" என்றார். இவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தோம். அடித்தளத்தில் எங்கள் பார்க்கிங்கை ஒட்டி ஒரு தூண். பின்னால் எடுக்கும்போது பார்க்கிற கேமராவைச் சேறு அப்பியிருந்ததால் திரையில் ஒன்றும் தெரியவில்லை. நானே இறங்கிப் போய்ப் பின்னால், பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று விரலை ஆட்டினேன். வந்தார். தூணுக்கு ஒரு சாண் இருக்கும்போது கையை மூடினேன்.

வண்டி நிற்கவில்லை. ஜன்னலிலிருந்து தலை வெளியே வந்தது.

"எனக்குத் தெரியும். நீ தள்ளிப் போ."

டமார் என்றது. பின்விளக்கு உடைந்து தரையில் விழுந்தது. பின்சீட்டிலிருந்து எங்கள் மகள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், "அம்மா ஆகமந்தி கதா!" என்றாள். அம்மா நிற்கச் சொன்னாளே என்கிறாள், தெலுங்கில். அவளுக்கே புரிந்திருக்கிறது.

இவர் இறங்கி வந்து தூணைப் பார்த்தார், பம்பரைப் பார்த்தார், மூடியபடியே இருந்த என் கையைப் பார்த்தார். குனிந்து விளக்குத் துண்டுகளைப் பொறுக்கினார். நான் லிஃப்டில் ஏறிவிட்டேன்.

சமையலறையில் சேறு அப்பிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் கிணுகிணுத்தது. கிளப்பின் வாட்ஸப் குழு. இவர் உடைந்த விளக்கைப் படம் பிடித்து, தூண் தெரியாமல் வெட்டி அனுப்பியிருந்தார். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. வரும் வழியில் ஒரு பாறையாம். ஸ்பாட்டர் ஒரு நொடி தாமதமாம். அதற்குள் ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். ஒருவர், வீரத் தழும்பு என்று பாராட்டியிருந்தார்.

அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டார். மறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கையைத் துடைத்துக்கொண்டு கீழே போனேன். தூணைப் படம் எடுத்தேன். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்த தூண், இடுப்பு உயரத்தில் நல்ல சிவப்புத் தீற்றல். அதைக் குழுவில் போட்டு, அடியில் ஒரு மூடிய கைப் பொம்மையை மட்டும் வைத்தேன். நான் மேலே வருவதற்குள் டாக்டர் அதே பொம்மையைத் திருப்பிப் போட்டிருந்தார். பிறகு அந்த அம்மா, வேறு வண்டியில் ஏறிப்போனவர், மூன்று போட்டார்.

கொஞ்ச நேரத்தில் இவர் போனும் கையுமாகச் சமையலறை வாசலுக்கு வந்தார். முகம் வண்டியின் நிறத்துக்கு வந்திருந்தது.

"இங்க பாரு, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

நான் திரும்பினேன். சோப்பு நுரையோடு கையைத் தூக்கி மூடினேன்.

நின்றார்.